வெஞ்சன்ஸ்: எல்லோரும் கழித்துக்கட்டிய விமானம் பர்மாவில் எப்படிக் கைகொடுத்தது?

இரண்டாம் உலகப் போர் தொடர்பாக இணையத்தில் மேய்பவர்கள் ஒரு வண்ணப் புகைப்படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வேலை உடுப்பில் ஒரு கறுப்பினப் பெண், கையில் டிரில்லைப் பிடித்தபடி, ஒரு விமானத்தின் உலோகப் பாகத்தில் குனிந்து துளை போட்டுக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்து வல்ட்டி ஆலையில் ஆல்ஃபிரட் பால்மர் எடுத்த படம் அது. போர்க்காலத்தில் பெண்கள் ஆலை வேலைக்கு வந்ததைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் படத்தைப் போட்டுவிடுவார்கள். அவர் துளை போடும் விமானம் என்ன, அது எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்த விமானத்தின் பெயர் வல்ட்டி வெஞ்சன்ஸ். பழிவாங்கல் என்று பொருள். செங்குத்தாகத் தரையை நோக்கிப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே செய்த டைவ் பாம்பர். பெட்டி பெட்டியாகக் கப்பலேறிக் கராச்சிக்கு வந்து, பூட்டப்பட்டு, இந்தியா முழுக்கப் பறந்தது. அதை ஓட்டிய இந்திய விமானப்படை ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், இரண்டு. அதில் ஒன்று உருவான ஊர் திருச்சிராப்பள்ளி.

ஜெர்மனியின் ஸ்டூக்கா, அமெரிக்காவின் டான்ட்லெஸ், ஜப்பானின் ஐச்சி டி3ஏ ஆகிய மூன்று டைவ் பாம்பர்களைப் பற்றியும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். வெஞ்சன்ஸுக்குக் கிடைத்ததெல்லாம் திட்டுதான். கேட்ட நாடு வாங்கவில்லை, வாங்கிய நாட்டின் விமானப்படைக்கு அதில் ஆர்வமில்லை, செய்த நாடே தன் போரில் அதை இறக்கவில்லை. ஆனால் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானிலும், இம்பாலிலும் ஜப்பானியப் பதுங்குகுழிகளுக்கு எதிரே கிடந்த காலாட்படைக்காரர்களைக் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். ஏன் இந்த முரண் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் மட்டக்களப்புக்குப் போய்வருவோம்.

1942 ஏப்ரல் 9. பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுத் தப்பித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல். அன்றைக்கு அதன் மேல்தளத்தில் ஒரு போர்விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய டைவ் பாம்பர்கள் அதைக் கண்டுபிடித்தன. தாக்குதல் தொடங்கி ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 307 பேர் இறந்தார்கள். நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கைக்குத் தெற்கே டார்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரண்டு கனரகக் குரூஸர்களை அதே வகை விமானங்கள் அதே வேகத்தில் முடித்திருந்தன. அங்கே 424 பேர். ஹெர்மிஸின் உடைந்த உடல் இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது. ஆழ்கடலில் மூழ்கிப் பார்ப்பதில் ஆசையுள்ளவர்கள் போய்ப் பார்த்துவருகிறார்கள்.

நகரும் கப்பலை இவ்வளவு சுளுவாக எப்படி அடிக்க முடிந்தது? கணக்கு எளிது. பத்தாயிரம் அடி உயரத்தில் மட்டமாகப் பறக்கும் விமானம் ஒரு குண்டைக் கைவிட்டால், அது தரையைத் தொட 25 நொடி ஆகும். விமானம் மணிக்கு 320 கிலோமீட்டரில் போனால், அந்த 25 நொடியில் குண்டும் அதே வேகத்தில் முன்னோக்கி நகர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழும். காற்று, விமானத்தின் ஆட்டம், எதிரிக் கப்பல் திரும்புவது எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்று குறிபார்க்க வேண்டும். செங்குத்தாகப் பாய்ந்தால் இந்தத் தொல்லை போய்விடுகிறது. மூக்கு எதைப் பார்க்கிறதோ அங்கேதான் குண்டு போகும். மூவாயிரம் அடியில் விட்டால் ஆறு நொடிகூட ஆகாது. கப்பல் திரும்புவதற்குள் விழுந்துவிடும்.

இந்த வித்தையை அமெரிக்கக் கடற்படை 1920-களிலிருந்தே பழகிவந்தது. அதை அங்கே பார்த்து மயங்கிய ஜெர்மானிய விமானி எர்ன்ஸ்ட் ஊடெட், இரண்டு கர்ட்டிஸ் விமானங்களை ஜெர்மனிக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்த மயக்கத்தின் விளைவுகளில் ஒன்றுதான் ஸ்டூக்கா என்று பெயரெடுத்த யுங்கர்ஸ் 87. 1935-ல் அதன் முதல் மாதிரி பறந்தபோது அதில் இருந்தது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் என்பது ஒரு வேடிக்கை.

பிரிட்டனின் விமானப்படைக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. எதிரி நாட்டின் ஆலைகளையும் நகரங்களையும் பெரிய விமானங்களால் நொறுக்கிப் போரை வெல்லலாம் என்பது அவர்கள் சித்தாந்தம். தரைப்படைக்காரர் கைகாட்டும் இடத்தில் குண்டு போடுவது கூலி வேலை மாதிரி தோன்றியிருக்கும். டைவ் பாம்பராகத் திட்டமிட்ட ஹாக்கர் ஹென்லியைக்கூட, துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்குத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கடற்படையின் ஸ்குவா விமானங்கள் மட்டும் 1940 ஏப்ரல் 10-ஆம் தேதி நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் கப்பலைக் குத்துப் பாய்ச்சலில் மூழ்கடித்துக் காட்டின.

அடுத்த மாதம் பிரான்ஸ் மீது ஸ்டூக்காக்கள் ஊளையிட்டுக்கொண்டு இறங்கின. ஆறு வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. ‘நம்மிடம் ஏன் இது இல்லை?’ என்று லண்டனில் தரைப்படையும் பத்திரிகைகளும் கத்தத் தொடங்கின. கடைக்கு ஓடினார்கள். கடையில் இருந்த சரக்கு வல்ட்டியுடையது.

வல்ட்டி கம்பெனியைப் பற்றி இரண்டு வரி. ஜெரார்டு வல்ட்டி என்ற பொறியாளர் தொடங்கியது. அவரும் மனைவியும் 1938 ஜனவரியில் அரிசோனாவில் பனிப்புயலில் சிக்கி விமான விபத்தில் இறந்துபோனார்கள். பெயர் மட்டும் நிலைத்தது. 1940-ன் தொடக்கத்தில் பிரான்ஸ் இந்தக் கம்பெனியிடம் 300 டைவ் பாம்பர்கள் கேட்டது. தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் பால்மரின் குழு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்ட நாடு போய்விட்டது. ஜூலையில் பிரிட்டன் வந்து 200 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது, பிறகு மேலும் மேலும் கூட்டியது. ஒரு விமானம்கூட இன்னும் பறக்கவில்லை. காகிதத்தைப் பார்த்து வாங்கியதுதான். கலிபோர்னியாவில் இருந்த ஆலை பயிற்சி விமானங்கள் செய்வதிலேயே மூச்சு முட்டிக்கொண்டிருந்ததால், நாஷ்வில் ஆலையும் நார்த்ராப் கம்பெனியும் இந்த வேலையைப் பிரித்துக்கொண்டன. முதல் விமானம் 1941 மார்ச் 30-ல் பறந்தது.

அதற்குள் பிரிட்டிஷ் விமானப்படையின் மனசு மறுபடி மாறியிருந்தது. 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மேல் வந்த ஸ்டூக்காக்களை பிரிட்டனின் சண்டை விமானங்களான ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் கிழித்துப்போட்டன. குறிப்பாக ஆகஸ்ட் 18-ஆம் தேதிக்குப் பிறகு ஜெர்மானியர்களே அதை அந்தச் சண்டையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். டைவ் பாம்பர் என்றால் மெதுவான, அடிவாங்கும் விமானம் என்று முத்திரை விழுந்துவிட்டது. ஆனால் ஆர்டர் போட்டாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. ஐரோப்பாவுக்கு வேண்டாம், கிழக்கே அனுப்பு என்றார்கள். வெஞ்சன்ஸ் இந்தியாவுக்கு வந்தது யாரோ தீர்க்கமாக யோசித்து எடுத்த முடிவால் அல்ல. வேண்டாத சரக்கைத் தள்ளிவிட்ட கதைதான்.

சரி, விமானம் எப்படி இருந்தது?

பெரிது. ஒரே இன்ஜின், இரண்டே ஆள். ஆனால் இறக்கையின் அகலம் 48 அடி, சுமையோடு ஆறரை டன் எடை. ஸ்டூக்காவைவிட இரண்டு டன் கனம். 14 சிலிண்டர் கொண்ட 1,600 குதிரைத்திறன் ரைட் இன்ஜின். வயிற்றுக்குள் 500 பவுண்டுக் குண்டு இரண்டு, தேவைப்பட்டால் இறக்கையின் கீழே 250 பவுண்டுக் குண்டு இரண்டு.

இறக்கையைப் பார்த்தால் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். உடலை ஒட்டிய பகுதி பின்பக்கமாகச் சாய்ந்து, பிறகு முன்விளிம்பு நேராகிவிடும். மேலிருந்து பார்த்தால் கோணல்மாணலாக வளைத்தது போலத் தெரியும். ஏதோ உயர்ந்த காற்றியக்க நுட்பம் போல என்று நானும் முதலில் நினைத்தேன். எடை நடுப்புள்ளியைக் கணக்கிட்டதில் தப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். இறக்கை பொருந்தும் இடத்தை முதலிலிருந்து மாற்றி வரைவதைவிட, நடுப்பகுதியைப் பின்னால் சாய்த்து ஒப்பேற்றுவது சுலபமாகப் பட்டது. அதையே செய்துவிட்டார்கள்.

உண்மையான நுட்பம் வேறு இடத்தில் இருந்தது. சாதாரண விமானங்களில் இறக்கையை உடலோடு சற்றே முன்விளிம்பு தூக்கினாற்போல் பொருத்துவார்கள். அப்போதுதான் உடல் மட்டமாகப் போகும்போதே இறக்கை தூக்குவிசை தரும். ஆனால் செங்குத்தாகப் பாயும்போது அந்தச் சாய்வே எதிரி. தூக்குவிசை விமானத்தைக் குறியிலிருந்து பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும், விமானி மூக்கை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெஞ்சன்ஸில் அந்தச் சாய்வை அறவே நீக்கி, இறக்கையைப் பூஜ்யக் கோணத்தில் வைத்தார்கள். அதனால் 90 டிகிரியில் விட்டால் 90 டிகிரியிலேயே இறங்கும். கொத்தனார் சுவரோரம் தொங்கவிடும் தூக்குக்குண்டு மாதிரி. மற்ற டைவ் பாம்பர்கள் பெரும்பாலும் 70, 80 டிகிரியில் பாய்ந்தன. இது மட்டும் நேர்க்குத்தாகப் போனது. இறக்கையின் மேலும் கீழும் சல்லடை போன்ற டைவ் பிரேக்குகள் விரிந்து, வேகம் எல்லை மீறாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சுகத்துக்கு விலையும் உண்டு. மட்டமாகப் பறக்க வேண்டுமானால் விமானமே மூக்கைத் தூக்கி, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போக முடியும். தரையிறங்கும்போது அந்தப் பெரிய வட்ட இன்ஜின் விமானியின் கண்ணுக்கு முன்னால் நின்று ஓடுபாதையை மறைக்கும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்து மிரண்டார்கள். பின்னாளில் அமெரிக்கர்கள் ஏ-35 என்று ஒரு மறுவடிவம் செய்தபோது இறக்கையை நாலு டிகிரி சாய்த்தார்கள். ஓட்டுவது எளிதானது, ஆனால் நேர்க்குத்துப் பாய்ச்சலின் கச்சிதம் போயிற்று. என்னைக் கேட்டால், அந்த விமானத்தில் இருந்த ஒரே நல்ல குணத்தைத்தான் திருத்தம் என்ற பெயரில் எடுத்துவிட்டார்கள்.

1942-ன் நடுப்பகுதியில் பெட்டிகள் கராச்சிக்கு வரத் தொடங்கின. பூட்டிப் பறக்கவிட்டதும் வரிசையாக வம்பு. இன்ஜின் எண்ணெயைக் குடித்தது, தூசியிலும் வெயிலிலும் படுத்தது. அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 82, 110-வது ஸ்குவாட்ரன்கள் இதற்கு மாறின, அடுத்து 45-ம் 84-ம். விமானத்தை நம்பிச் சண்டைக்கு அனுப்பலாம் என்ற நிலை வரவே மாதங்கள் பிடித்தன. அதுவரை என்ன செய்வது? கடலோரக் காவலுக்கு அனுப்பினார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. ஹெர்மிஸ் மூழ்கிய அதே வாரத்தில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்திருந்தன. ஜப்பான் கப்பற்படை வருகிறது என்ற புரளியில் சென்னை பாதி காலியானது, அரசு அலுவலகங்களே கடலோரத்தை விட்டு உட்பகுதி ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கத் தன்னார்வ விமானிகளைக் கொண்ட கரையோரக் காவல் பிரிவுகள் இருந்தன. சென்னைப் பிரிவு பரங்கிமலையில். ஓட்டியது வாப்பிட்டி என்ற இரட்டை அடுக்கு இறக்கைப் பழசு. 1942 நவம்பர் இறுதியில் இந்தப் பிரிவுகளைக் கலைத்து, அதிலிருந்தவர்களைக் கொண்டு புது ஸ்குவாட்ரன்களை அமைத்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் 7-வது, திருச்சிராப்பள்ளியில் 8-வது. இரண்டுக்கும் வெஞ்சன்ஸ் ஒதுக்கப்பட்டது. துணியும் கம்பியுமாக இருந்த விமானத்திலிருந்து நேராக 1,600 குதிரைத்திறனுக்குத் தாவல். மாட்டுவண்டியிலிருந்து லாரிக்கு மாறியது போல என்று சொன்னால் மிகையில்லை.

பிரிட்டிஷ் வெஞ்சன்ஸ்களும் இந்தப் பக்கம் நடமாடின. சோழவரம் ஓடுபாதையில் சில காலம் இருந்தன, 84-வது ஸ்குவாட்ரன் அங்கிருந்து கொழும்புக்கு அருகே இரத்மலானைக்குப் போனது. போருக்குப் பிறகு பல தலைமுறைச் சென்னைக்காரர்கள் கார் பந்தயம் பார்க்கப் போனார்களே, அதே சோழவரம்தான்.

ஒரு பாய்ச்சலைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

வழக்கமாக ஆறு விமானங்கள் ஒரு கூட்டமாகப் போகும், மும்மூன்றாக இரண்டு அம்புமுனைகள். பெரிய தாக்குதல் என்றால் அப்படி இரண்டு கூட்டம், பன்னிரண்டு விமானம். பத்தாயிரம் அடிக்கு மேலே வந்ததும், கீழே காடு ஒரே பச்சைப் போர்வை. அதில் எதைக் குறிவைப்பது? தரையில் இருக்கும் பீரங்கிக்காரர்களோ மோர்ட்டார்காரர்களோ இலக்கின் மேல் புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டுவார்கள். வெள்ளைப் புகை மரங்களுக்கு மேலே எழும். முன்னால் போகும் விமானி இலக்கு தன் இறக்கைக்கு அடியில் நழுவும் வரை காத்திருந்து, டைவ் பிரேக்கை விரித்து, விமானத்தைப் புரட்டி மூக்கைக் கீழே விடுவார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள்.

விமானி இப்போது பெல்ட்டில் தொங்குகிறார். முகத்துக்கு நேர் எதிரே பூமி. பின்னால் இருப்பவர் வாலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். வால் இப்போது வானத்தில் இருக்கிறது. ஆக, அவர் முதுகு கீழே, முகம் மேலே, கட்டிலில் மல்லாந்து படுத்தவர் போல நீல வானத்தைப் பார்த்துக்கொண்டு விழுகிறார். எங்கே விழுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. உயரமானியைப் பார்ப்பதும் முன்னால் இருப்பவரை நம்புவதும் தவிர வேறு வழியில்லை. சுமார் 20 நொடி. குண்டை விட்டு விமானி குச்சியை இழுத்ததும் உடம்பின் எடை நாலைந்து மடங்காகும், கண்ணில் சாம்பல் படரும். தலைக்கு ஏறவேண்டிய ரத்தம் காலுக்கு இறங்குவதால் வருவது அது. தெளியும்போது விமானம் மரங்களுக்கு மேலே மட்டமாக ஓடிக்கொண்டிருக்கும்.

வெஞ்சன்ஸின் முதல் தாக்குதல் 1943 மார்ச் 19-ல் பர்மாவில் நடந்தது. 8-வது ஸ்குவாட்ரன் டிசம்பரில் சிட்டகாங் அருகே டபுள் மூரிங்ஸ் தளத்துக்கு வந்து, அரக்கான் கரையோரப் போரில் இறங்கியது. அதன் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் நிரஞ்சன் பிரசாத். பிறகு தரைப்படையில் மேஜர் ஜெனரலாகி, 1962-ல் சீனாவுடனான போரில் 4-வது டிவிஷனுக்கும், 1965-ல் லாகூர் முனையில் 15-வது டிவிஷனுக்கும் தலைமை தாங்கி, இரண்டு முறையும் சர்ச்சையில் சிக்கியவர் இவரே. 7-வது ஸ்குவாட்ரன் ஹேம் சௌதுரியின் தலைமையில் 1944 மார்ச்சில் அஸ்ஸாமின் சில்சார் பக்கம், உதர்பந்து தளத்துக்குப் போனது. அதில் பறந்தவர்களில் ஒருவர் பிரதாப் சந்திர லால். பின்னாளில் அந்த ஸ்குவாட்ரனுக்கே தலைமை ஏற்றார். 1971 போரின்போது இந்திய விமானப்படையின் தளபதி அவர்தான்.

ஐரோப்பாவில் உதவாத விமானம் இங்கே மட்டும் ஏன் உதவியது?

ஜப்பானியரின் பதுங்குகுழிகளிலிருந்து தொடங்கலாம். அரக்கானின் மேடுகளில் அவர்கள் தோண்டிய குழிகள் பல அடி மண்ணும் மரத்தடிகளும் போர்த்தியவை. பெரும்பாலும் குன்றின் பின்சரிவில் இருக்கும். பீரங்கிக்குண்டு முகட்டைத் தாண்டிப் போய்விடும், அல்லது முன்சரிவில் வெடிக்கும். ஹரிகேன் போன்ற சண்டை விமானங்கள் சாய்வாக வந்து குண்டு போட்டாலும் இதே சிக்கல், முகடு குறுக்கே நிற்கும். நேர் மேலேயிருந்து இறங்கும் குண்டுக்கு முன்சரிவும் ஒன்றுதான் பின்சரிவும் ஒன்றுதான். மட்டமாகப் பறந்து போடும் விமானம் அந்தக் குன்றையே தவறவிடலாம். நம் ஆட்களோ சில நூறு கஜ தூரத்தில் பள்ளத்தில் கிடக்கிறார்கள். அங்கே தவறுக்கு இடமே இல்லை.

பீரங்கி இல்லாத இடங்களும் இருந்தன. 1944 மார்ச்சில் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் என்ற ஊடுருவல் படையினர் ஜப்பானியருக்குப் பின்புறம் காட்டுக்குள் இறங்கினார்கள். கனரகப் பீரங்கியைச் சுமந்துகொண்டு காட்டில் திரிய முடியுமா? அந்த வேலையை வானத்துக்கு விட்டார்கள். ஒவ்வொரு படைப்பிரிவோடும் ரேடியோவுடன் ஒரு விமானப்படை அதிகாரி நடந்தார், இலக்கைச் சொல்லித் தாக்குதலைக் கேட்டார். இரத்மலானையில் கடல் பார்த்துக்கொண்டிருந்த அந்த 84-வது ஸ்குவாட்ரன் கும்பிர்கிராம் தளத்திலிருந்து இதைச் செய்தது. இன்று சில்சாருக்கு விமானத்தில் போகிறவர்கள் இறங்குவது அதே கும்பிர்கிராமில்.

இதைவிட முக்கியமான காரணம், எதிரே சண்டை விமானங்கள் குறைந்துபோனது. 1943 இறுதியில் அரக்கானுக்கு ஸ்பிட்ஃபயர்கள் வந்து சேர்ந்த பிறகு, ஜப்பானிய விமானங்களின் ஆட்டம் அந்த முனையில் அடங்கத் தொடங்கிவிட்டது. காட்டுக்குள் கனமான விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அவர்களால் நிறையக் கொண்டுவரவும் முடியவில்லை. டைவ் பாம்பர் என்பது வானம் தன் பக்கம் இருக்கும்போது மட்டும் பயன்படும் ஆயுதம். போலந்திலும் பிரான்ஸிலும் ஸ்டூக்காவுக்கு அந்த வானம் இருந்தது, இங்கிலாந்தில் இல்லை. மட்டக்களப்பில் ஜப்பானியருக்கு இருந்தது, அரக்கானில் இல்லை. வெஞ்சன்ஸ் ஸ்டூக்காவைவிடச் சிறந்ததா என்று விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேலே யார் பறந்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இம்பால், கோஹிமா சண்டைகள் நடந்த 1944-ன் அந்த மாதங்களில் வெஞ்சன்ஸ்கள் ஓயாமல் பறந்தன. இம்பாலிலிருந்து தெற்கே பர்மாவுக்குள் போகும் திடிம் சாலையில் பாலங்கள், லாரிகள், சரக்குக் கிடங்குகள், மலைமுகட்டுக் குழிகள். முற்றுகை போட்ட ஜப்பானியப் படைக்குப் பின்னாலிருந்து அரிசியும் குண்டும் வந்த வழி அந்த ஒற்றைச் சாலைகள்தான்.

பிறகு மழை. நேர்க்குத்துப் பாய்ச்சலுக்குப் பல ஆயிரம் அடி தெளிந்த வானம் வேண்டும். அஸ்ஸாம் மலைகளில் பருவமழை மேகம் குன்றின் தோளில் வந்து உட்கார்ந்துவிடும். சாய்வாக வரும் ஹரிகேனாவது மேகத்துக்கு அடியில் புகுந்து வேலையை முடிக்கும். வெஞ்சன்ஸுக்கு அது முடியாது. பர்மாவில் அதன் கடைசித் தாக்குதல் 1944 ஜூலை 16. அதற்குள் தண்டர்போல்ட் போன்ற விமானங்கள் வரவிருந்தன. அவை குண்டும் போடும், எதிரி வந்தால் சண்டையும் போடும். ஒரே வேலைக்கென்று ஒரு விமானத்தை வைத்துச் சோறு போட யாருக்கும் மனசில்லை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதற்கு நேர் மாறு. ஐந்து ஸ்குவாட்ரன்களுக்கு வெஞ்சன்ஸ் கொடுத்து, அவற்றில் மூன்றை 1944 தொடக்கத்தில் நியூ கினியின் நட்ஸாப் தளத்தில் திரட்டினார்கள். காடு அதே மாதிரி, எதிரியும் அதே எதிரி. ஆனால் தளத்தில் இடத்துக்கு அடிபிடி. நீண்ட ஓடுபாதை கேட்டு, பராமரிப்பு கேட்டு, கொஞ்சக் குண்டோடு கொஞ்ச தூரம் போய்வரும் விமானத்துக்கு இடம் தருவதைவிட வேறு விமானங்களுக்குத் தரலாம் என்று அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் கென்னி கணக்குப் போட்டார். மார்ச் 8-ஆம் தேதியோடு வெஞ்சன்ஸ்களை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். போர் தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த இடத்தில் தூரம்தான் எல்லாம். அவர் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

அமெரிக்கத் தரைப்படை விமானப் பிரிவும் பெரும்பாலும் இதை இலக்குத் துணி இழுக்கத்தான் வைத்துக்கொண்டது. அதே காலத்தில் அவர்கள் கடற்படையின் டான்ட்லெஸ் டைவ் பாம்பர்கள் மிட்வேயில் சில நிமிடங்களில் மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிகளைக் கொளுத்தியிருந்தன. விடுதலை பெற்ற பிரெஞ்சுப் படைக்கும் வட ஆப்பிரிக்காவில் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆக, முதலில் கேட்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது. அவர்கள் அதைச் சண்டைக்கு எடுத்துப்போகவில்லை. மொத்தம் 1,900-க்கும் மேல் செய்யப்பட்டது.

இந்தியாவில் 8-வது ஸ்குவாட்ரன் ஸ்பிட்ஃபயருக்கு மாறியது, இந்திய விமானப்படையில் அதைப் பெற்ற முதல் ஸ்குவாட்ரன் அதுதான். 7-வதுக்கு ஹரிகேன். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்கள் நான்குக்கும் மாஸ்கிட்டோ வந்தது. மரத்தில் செய்து பசைபோட்டு ஒட்டிய, புகழ்பெற்ற விமானம். 1944 நவம்பரில், இந்திய வெயிலிலும் ஈரத்திலும் ஒட்டுகள் விடுபடுகின்றன என்று அதைத் தரையிலேயே நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. நாஷ்வில் பெண்கள் ஆணியடித்த கனத்த உலோகப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதை அப்போது யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

அதைவிட வேடிக்கை இன்னொன்று. தன் விமானங்களைக் கொடுத்துவிட்டு மாஸ்கிட்டோ வாங்கிய 110-வது ஸ்குவாட்ரன், ஒரு சிறு குழுவை வெஞ்சன்ஸ்களோடு மேற்கு ஆப்பிரிக்காவின் தகோராடிக்கு அனுப்பியது. இன்றைய கானாவில் இருக்கும் ஊர். போகிற வழியிலேயே சில விமானங்கள் படுத்துவிட்டன. போய்ச் சேர்ந்தவற்றின் இறக்கைகளுக்குக் கீழே மருந்துத் தெளிப்பான்களைக் கட்டினார்கள். 1944 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 11 வெஞ்சன்ஸ்கள் அங்கே மலேரியாக் கொசுவை ஒழிக்கும் சோதனையில் மருந்தடித்துக்கொண்டு பறந்தன. மாஸ்கிட்டோ என்றாலும் கொசுதானே.

ஏறக்குறைய முழுசாக மிஞ்சியிருக்கும் ஒரே வெஞ்சன்ஸ் ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தென்மேற்கே நரெல்லனில் இருந்த கேம்டன் விமான அருங்காட்சியகத்தால் காப்பாற்றப்பட்டது. தப்புக் கணக்கில் சாய்த்த அந்த இறக்கையோடு.